மரக்கறிகளைப் புளிக்கவைத்தற்கு உறையிடுதல்

மன்னார் மாவட்டத்திலே மாசி, பங்குனி மாதங்களிற் தோட்டஞ் செய்வோர் அனைவரும் அறிந்த துன்பம் ஒன்றுண்டு. கட்டுக்கரைக்குளத்தின் கீழ்க் காலபோக நெல் அறுவடையாகும் நாட்களை ஒட்டியே, மாரி ஈரத்தில் நட்ட மிளகாயும் கெக்கரியும் பயற்றையும் பாகலும் காய்த்துக் குலுங்குகின்றன. எல்லார் தோட்டமும் ஒரே வேளையிற் காய்ப்பதனாற் சந்தையிலே விலை விழுந்துவிடுகின்றது. பத்துக் கூடை கொண்டு சென்றவர் ஆறு கூடையை விற்று, மிகுதி நான்கையும் மாட்டுக்குப் போடுவதற்காகத் திருப்பிக் கொண்டுவருகின்றார். பறித்த கூலியும் ஏற்றிய கூலியும் அவர் கையைக் கடிக்கின்றன. அதே வீட்டார் ஆவணி மாதத்திலே, கிணற்றில் நீர் இறங்கித் தோட்டம் காய்ந்து கிடக்கையில், மலைநாட்டிலிருந்து லொறியில் வந்த கோவாவையும் கரட்டையும் சந்தை சொல்லும் விலைக்கு வாங்குகின்றனர்.

மிஞ்சிய காய்களிற் சிலவற்றை வெயிலில் உலர்த்தி வற்றலாக்கலாம். மிளகாயும் பாகலும் அதற்கு இசைந்தவை. ஆயினும் நீர்ச்சத்து மிகுந்த கெக்கரியையும் முள்ளங்கியையும் உலர்த்தினால் எஞ்சுவது மிகச் சிறிதே. குளிர் அறையும் தகரப் பெட்டியும் கமக்காரருடைய கைக்கு எட்டுவன அல்ல. உப்பு, நீர், சாடி ஆகிய மூன்றையும் கொண்டு, நன்மை பயக்கும் பற்றீரியாக்களைத் துணைக்கழைத்துக் காய்களைப் புளிக்கவைத்துச் சேமித்தலே நம்மவர்க்கு ஆகக் குறைந்த செலவில் முடியக்கூடிய வழியாகும். அப்பற்றீரியாக்களை நாமே தெரிந்தெடுத்து இடுவதைப் பற்றியே இத்துண்டுப் பிரசுரம் விளக்குகின்றது.

உறை என்பது புதியதன்று

காய்ச்சி ஆறிய பாலில் ஒரு கரண்டி உறைமோரை இட்டுவிட்டு உறங்கச் செல்லும் வீட்டுப்பெண் விடியற்காலையிலே தயிரைக் காண்கின்றாள். முதல்நாட் தயிரில் வாழ்ந்த பற்றீரியாக்கள் பாலிலுள்ள வெல்லத்தை உண்டு, அதனை இலத்திக்கமிலம் எனப்படும் புளிப்புப் பொருளாக மாற்றியதன் பயனே அத்தயிர். அப்பமாவுக்குப் பனங்கள்ளை வார்த்துப் பொங்கவைப்பதும் இவ்வகையானதே. அங்கு தொழில் செய்வன பெரும்பாலும் மதுவம் எனப்படும் வேறொரு நுண்ணங்கி. இவ்வாறு ஒரு கலத்தில் நன்கு வளர்ந்த நுண்ணங்கிகளை இன்னொரு கலத்துக்கு வித்தாக இடுவதே உறையிடுதல். ஆராய்ச்சியாளர் இதனைத் தொடக்கி வளர்ப்பு என்பர்.

மரக்கறிக்கு உறையிடும் வழக்கமும் நம்மிடையே உண்டு. மோர்மிளகாய் அதுவே. பச்சை மிளகாயைக் கீறி, உப்பிட்ட தயிரில் ஊறவிட்டுப் பகலில் வெயிலிற் காயவைத்து, இரவில் மீண்டும் அத்தயிரிலே இட்டுத் தயிர் முழுவதும் வற்றும்வரை இதனைத் தொடர்ந்து செய்கின்றோம். சிலர் முதலில் இரண்டு மூன்று நாட்கள் ஊறவிட்ட பின்னரே வெயிலுக்குக் கொண்டுவருவர். மிளகாயின் காரத்தோடு புளிப்பும் சேர்ந்து சுவை கூடுவதும், வெறுமனே காயவைத்த மிளகாயினும் அது வேறுபட்ட மணம் பெறுவதும் தயிர்ப் பற்றீரியாக்களால் விளைவனவே. பாட்டிமார் இதன் காரணத்தை அறியாதிருந்தனர் எனினும் முறையிற் பிழைவிடவில்லை.

காரணத்தை முதலிற் கண்டறிந்தவர் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர். பால் புளிப்பது உயிருள்ள நுண்ணங்கிகளின் தொழிலால் என்பதை அவர் 1857ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் பின்னர் 1870ஆம் ஆண்டுகளில் சத்திர வைத்தியர் யோசேப்பு இலிசுற்றர் அப்பற்றீரியாவைப் புளித்த பாலிலிருந்து பிற கலப்பின்றித் தனிப்படுத்தினார். கலப்பின்றி ஓர் இனத்தை வளர்க்கலாம் என்பது தெரிந்த பின்னரே, வேண்டிய இனத்தை வேண்டிய அளவில் இடலாம் என்னும் எண்ணம் உருப்பெற்றது.

கருவாட்டு உப்பும் காயின் உப்பும்

பேசாலையிலும் தலைமன்னாரிலும் உப்பைக் கையாளத் தெரியாதவர் இல்லை. ஆயினும் கருவாடு போடுகின்றவர் அறிந்த உப்புக் கணக்கை மரக்கறிக்குப் பயன்படுத்தினாற் காரியம் கெடும். மீனுக்கு உப்பிடுவது அதிலுள்ள நீரை வெளியேற்றி, நுண்ணங்கிகள் எவையும் வாழாதபடி செய்வதற்காக. ஆகவே அங்கு எவ்வளவு கூடினும் குற்றமில்லை. காய்களைப் புளிக்கவைக்கும்போது எல்லாவற்றையும் ஒழித்துவிடலாகாது. அழுகச் செய்யும் கூட்டத்தை அடக்கிப் புளிக்கச் செய்யும் கூட்டத்துக்கு இடங்கொடுத்தல் வேண்டும். இவ்விரண்டாம் கூட்டம் ஓரளவு உப்பைத் தாங்கும். அவ்வளவைத் தாண்டினால் அதுவும் சோர்ந்துவிடும்.

சீவிய முள்ளங்கி, கோவா முதலியவற்றை அவற்றின் சொந்தச் சாற்றிலேயே புளிக்கவைப்பதாயின் ஒரு கிலோவுக்கு 25 கிராம், அதாவது 2.5 வீதம், உப்பு போதும். கெக்கரி, மிளகாய், பாகல் முதலியவற்றை முழுதாகவோ பெருந்துண்டுகளாகவோ உப்புநீரில் இடுவதாயின் 5 வீதம் வேண்டும். நமது வெப்பத்திலே அதற்குக் குறைந்தாற் காய் மெத்தெனப் போய்விடும்.

இங்கேதான் பலர் தவறுகின்றனர். 5 வீதம் என்பது நீருக்கு மட்டுமன்று. நீரும் காயும் சேர்ந்த நிறைக்கு. ஐந்து கிலோ காயும் ஐந்து லீற்றர் நீரும் ஒரு சாடியில் இருக்குமாயின் மொத்தம் பத்துக் கிலோ. வேண்டிய உப்பு 500 கிராம். நீரை மட்டும் கணக்கிட்டு 250 கிராம் இட்டவருக்கு முதல்நாளில் உப்புநீர் சரியாகவே தோன்றும். ஓரிரு நாளிற் காயிலுள்ள நீர் வெளியேறி உப்பு உட்சென்று சமன்பட்டதும் சாடியில் எஞ்சுவது 2.5 வீதமே. காய் ஏன் குழைந்தது என்று அவர் நுண்ணங்கியை நோவார். பிழை தராசிலேயே நிகழ்ந்தது.

உப்பைக் கரண்டியால் அளத்தல் கூடாது. கல்லுப்பும் தூளுப்பும் ஒரே கரண்டியில் வெவ்வேறு நிறையுடையன. முட்டையை மிதக்கவிட்டுப் பார்க்கும் பழைய முறையும் இதற்கு உதவாது. புதிய முட்டை மிதப்பதற்கு ஏறக்குறைய 10 வீத உப்பு வேண்டும். அது நமது தேவையின் இருமடங்கு.

மன்னார் உப்பளத்துக் கல்லுப்பு இத்தொழிலுக்கு நன்று. ஆனால் அன்றுதான் வாரிய புதிய உப்பில் மகனீசிய உப்புக்கள் கலந்திருப்பதனாற் கசப்பு உண்டாகும். குவியலாகக் கிடந்து அக்கசிவுநீர் வடிந்துபோன பழைய உப்பையே வாங்குக. ஈர உப்பை ஒரு நாள் வெயிலிற் காயவிட்டு நிறுத்தல் வேண்டும். இன்றேல் உப்பென்று எண்ணி நீரையே நிறுத்தவராவோம். கட்டிபடாதிருக்க மருந்து சேர்த்த மேசை உப்பு நீரைக் கலங்கச் செய்யும். அதனாற் கேடில்லை, தெளிவை நோக்கிப் புளிப்பின் நிலையை அறியவியலாது என்பதே குறை.

கடல் அருகில் இருக்கக் கடல்நீரையே ஊற்றினால் என்ன என்று கேட்போரும் உளர். கடல்நீரில் உப்பு ஏறக்குறைய 3.5 வீதமே. அதனோடு சம நிறையான காயை இட்டால் 2 வீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். மேலும் கரையோர நீரில் எத்தகைய அழுக்கு கலந்திருக்கும் என்பதை எவரும் அறியார். அதனை விட்டுவிடுக.

சாடியினுள் நடப்பது

பச்சைக் காயின் தோலில் இலட்சக்கணக்கான நுண்ணங்கிகள் உள்ளன. அவற்றுட் புளிக்கச் செய்வன மிகச் சிறு பங்கினவே. உப்புநீரில் ஆழ்த்திக் காற்றை அகற்றியதும் அச்சிறுபான்மை பெருகத் தொடங்குகின்றது. நியூயோர்க் மாநிலத்திலுள்ள செனீவாக் கமத்தொழில் ஆராய்ச்சி நிலையத்திற் பணிபுரிந்த கார்ல் பெடர்சன் என்பார், புளிக்கும் கோவாவில் எந்தப் பற்றீரியா எப்பொழுது தலையெடுக்கின்றது என்பதை 1930ஆம் ஆண்டளவில் ஆராய்ந்து ஒழுங்குபடுத்தினார். முதலில் வருவது இலியூக்கொனொசுத்தொக்கு என்னும் இனம். அது அமிலத்தோடு வாயுவையும் உண்டாக்கிச் சாடியில் எஞ்சிய காற்றைத் துரத்துகின்றது. முதல் ஓரிரு நாட்களிற் குமிழிகள் எழுவது பெரும்பாலும் இதனாலேயே. புளிப்பு ஏறவே அது தளர்ந்துபோக, அதனினும் புளிப்பைத் தாங்கவல்ல பிற இனங்கள் தொடர்கின்றன. முடிவில் இலத்தோபசிலசு பிளாந்தாரம் என்பது ஆட்சி செலுத்துகின்றது. 2020ஆம் ஆண்டில் அறிஞர் இதன் இனப்பெயரை மாற்றி அமைத்தனர். பிளாந்தாரம் என்னும் பகுதி மாறவில்லையாதலின் இங்கு அவ்வாறே வழங்குகின்றோம்.

இவ்வரிசை குளிர்நாட்டில் ஆறுதலாக நடைபெறும். 18 பாகை செல்சியசு வெப்பத்திலே கோவா புளித்து முடியச் சில வாரங்கள் ஆகும், சுவையும் சிறப்பாயிருக்கும். 32 பாகையில் எட்டுப் பத்து நாட்களிலே முழுப் புளிப்பும் ஏறிவிடுகின்றது. மன்னாரிலே பங்குனி, சித்திரையில் நிழலிலும் இவ்வெப்பம் உண்டு. அதாவது, நமக்கு விரைவு இயற்கையாகவே கிடைத்திருக்கின்றது. இழப்பது நறுமணத்திற் சிறிது. ஆனால் அவ்வெப்பத்திலே அழுகச் செய்யும் கூட்டமும் அவ்வாறே விரைந்து பெருகும். முதல் இரண்டு நாட்களில் எக்கூட்டம் முந்துகின்றது என்பதிலேயே சாடியின் முடிவு தங்கியுள்ளது. உறையிடுவதனால் நாம் செய்வது, நம் பக்கத்தில் ஓடுபவரைச் சில காதம் முன்னே கொண்டுசென்று நிறுத்துவதாகும்.

அளவும் முக்கியம். தொழிற்சாலைகளில் ஒரு கிராம் காய்க்குப் பத்து இலட்சம் முதல் ஒரு கோடி வரையான உயிருள்ள பற்றீரியாக்கள் சேரும்படி உறையிடுகின்றனர். அவ்வளவு பெருங்கூட்டம் முதல்நாளிலேயே புகுந்துவிட்டால் மற்றவற்றுக்கு வெல்லம் மிஞ்சுவதில்லை.

எந்த உறை?

மூவகை உறை நமக்கு எட்டக்கூடியன. முதலாவது தயிர். இது எல்லார் வீட்டிலும் உண்டு என்பதால் இதனையே எல்லாச் சாடிக்கும் ஊற்றுமாறு சிலர் கூறுவர். இதனை நாம் ஏற்பதற்கில்லை. தயிரில் வாழும் இனங்கள் பாலுக்குப் பழகியவை, உப்புக்குப் பழகியவையல்ல. அவற்றுட் பல 4 வீத உப்பிலே வளர்வதை நிறுத்திவிடும். ஆகவே மோர்மிளகாய் போன்று, உப்புக் குறைந்ததும் வெயிலிற் காய்ந்து முடிவதுமான பண்டத்துக்குத் தயிர் ஏற்றது. 5 வீத உப்புநீரிலுள்ள கெக்கரிக்குத் தயிரை ஊற்றினாற் கிடைப்பது, அத்தயிரில் ஏற்கெனவே இருந்த சிறிது புளிப்பும் பால் நெடியுமேயாகும். அதுவும் சிறிது உதவும் எனினும் அது உறையன்று.

இரண்டாவது, நன்கு புளித்த முந்திய சாடியின் உப்புநீர். இதுவே கமக்காரர்க்கு உகந்தது, செலவில்லாதது, நமது காயிலும் நமது உப்பிலும் நமது வெப்பத்திலும் வாழப் பழகியது. கெக்கரி, மிளகாய், பாகல் ஆகியவற்றுக்கு மிக நன்று. ஆனால் சீவிய கோவாவுக்கு இதனை இடவேண்டாம். பழைய நீரில் இருப்பன கடைசியில் ஆட்சி செய்யும் இனங்கள். அவை முதலிலேயே புகுந்தால் முன்னே வரவேண்டிய, நறுமணம் தரும் இனத்துக்கு இடமில்லாது போய்விடும். கோவா புளித்தாலும் சுவை குன்றும். அதனைச் சரியான உப்போடு விட்டுவிட்டால் தானாகவே புளிக்கும்.

மூன்றாவது, ஆய்வுகூடத்தில் வளர்த்து உலர்த்தித் தூளாக விற்கப்படும் தூய உறை. வட கரோலினாவிலே ஐக்கிய அமெரிக்க விவசாயத் திணைக்களத்தைச் சேர்ந்த ஜோன் எட்செல்சும் உடனாய்வாளரும் உப்புநீர் வெள்ளரிக்காயை இவ்வாறு தூய உறையினாற் புளிக்கவைக்கும் முறையை 1964ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அவர்கள் முதலிற் காயைச் சுடுநீரில் ஆழ்த்தி, அதிலிருந்த நுண்ணங்கிகளைப் பெரும்பாலும் குறைத்த பின்னரே உறையிட்டனர் என்பது கவனிக்கத்தக்கது. களை பிடுங்காத வயலில் நல்ல விதை நெல்லை எறிந்தால் என்ன பயன்? கொரியா நாட்டிலே கிம்சி எனப்படும் புளித்த கோவாவுக்காகவே ஓர் ஆராய்ச்சி நிறுவனம் 2010ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. உறைக்கேற்ற இனங்களைத் தெரிந்தெடுப்பது அங்கு நடைபெறும் ஆய்வுகளுள் ஒன்று.

தூள் உறை யாருக்கு வேண்டும்? கிழமைதோறும் ஒரே சுவையில், ஒரே நாட்கணக்கிற் பண்டத்தைச் சந்தைக்குக் கொடுக்கவேண்டிய சங்கத்துக்கும் சிறு தொழிற்சாலைக்கும் வேண்டும். வீட்டுக்கு இரண்டு சாடி போடுகின்றவர், தராசு இல்லாமல் உறைத்தூளை வாங்குவாராயின் அது பணத்துக்குக் கேடு. முதலில் தராசு வாங்கட்டும்.

உறைச்சாடி ஆயத்தஞ் செய்தல்

முந்திய சாடி இல்லாதவர் உறையை இவ்வாறு உண்டாக்கிக்கொள்ளலாம். பெருஞ்சாடி போடுவதற்குப் போதிய நாட்களுக்கு முன்னரே, மூன்று சிறு கண்ணாடிப் போத்தல்களை வெந்நீரிற் கழுவுக. முள்ளங்கியையோ இளங் கெக்கரியையோ துருவி, கிலோவுக்கு 25 கிராம் உப்பிட்டுப் பிசைந்து, சாறு மேலெழும்படி ஒவ்வொன்றிலும் அமுக்கி அடைத்தல் வேண்டும். வாயு வெளியேறுமாறு மூடியைச் சற்றுத் தளர்த்தி நிழலில் வைக்க. ஐந்தாம் நாளில் மூன்றையும் திறந்து முகர்ந்து பார்த்தல் வேண்டும். மூன்றும் ஒன்றுபோல் இரா. தூய புளிப்பு மணமுள்ளதாய், சாறு சற்றே கலங்கியதாய், மேலே பூஞ்சணம் இல்லாததாய் உள்ள ஒன்றைத் தெரிந்து ஏனையவற்றை ஒதுக்குக. நல்ல நெற்கதிரை விதைக்கெனத் தெரிந்து வைக்கும் கமக்காரருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இச்சாற்றினால் ஒரு சிறு சாடியைப் புளிக்கவைத்து, அதன் நீரைக் கொண்டு பெரிய சாடிக்கு உறையிடலாம்.

உறைநீரை எடுக்கவேண்டிய வேளை நாலாம் அல்லது ஐந்தாம் நாள். அப்போதுதான் பற்றீரியாக்கள் மிகுதியாகவும் ஊக்கமாகவும் உள்ளன. மூன்று மாதம் பழகிய சாடியில் புளிப்பு மிகுந்திருக்குமேயன்றி உயிருள்ளவை குறைந்திருக்கும்.

பெருஞ்சாடி போடுதல்

நீர் பற்றி முதலிற் கூறவேண்டும். மன்னார்த் தீவின் மணலிலே தோண்டிய கிணறுகளில் நன்னீர் உவர்நீரின் மேல் மெல்லிய படையாக மிதக்கின்றது. அதிகம் இறைத்தால் உவர் ஏறிவிடும். உவர்ப்புத் தெரிகின்ற நீரை எடுத்தால் உப்புக் கணக்குப் பிழைக்கும். சுண்ணக்கல் நிலத்துக் கிணற்று நீர் வன்னீராயிருந்தால், அதிலுள்ள சுண்ணப் பொருள் உண்டாகும் புளிப்பைத் தின்றுவிடும். எந்த நீராயினும் நன்கு கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததை நீக்கித் தெளிவை இறுத்துக்கொள்க. குழாய்நீரிலுள்ள குளோரினும் கொதிக்கையில் நீங்கிவிடும்.

காய்கள் அன்று விடியற்காலையில் பறித்தனவாயும் முற்றாதனவாயும் இருத்தல் வேண்டும். கிருமிநாசினி தெளித்த காயாயின் அம்மருந்துக்குக் குறித்த காத்திருப்பு நாட்கள் கடந்திருத்தல் வேண்டும். புளிக்கவைப்பது நஞ்சைப் போக்கும் என்று எவரும் எண்ணற்க. கெக்கரி, வெள்ளரி ஆகியவற்றின் பூவொட்டிய நுனியைச் சிறிது வெட்டி எறிக. வாடிய பூவில் வளரும் பூஞ்சணங்கள் காயைக் குழையச் செய்யும் நொதியத்தை உண்டாக்குகின்றன என்பது எட்செல்சு முதலியோரின் 1958ஆம் ஆண்டு ஆய்வில் வெளியாயிற்று. பாகலை விதை நீக்கி வட்டமாக அரிக. மிளகாயை ஊசியாற் குத்தி அல்லது கீறி இடுக. இன்றேல் உப்புநீர் உட்செல்லாது காய் மிதக்கும். போஞ்சியைப் பச்சையாக இடலாகாது. அதிலுள்ள நச்சுப்பொருள் புளிப்பினால் முற்றாக அழியாதாகலின் அவித்து ஆறிய பின்னரே இடுதல் வேண்டும்.

ஐந்து கிலோ கெக்கரிக்குக் கணக்கு வருமாறு: கொதித்து ஆறிய நீர் 4 லீற்றர், நல்ல உறைநீர் 1 லீற்றர், உப்பு 450 கிராம். உறைநீரில் ஏற்கெனவே ஏறக்குறைய 50 கிராம் உப்பு இருப்பதனாலேயே 500 கிராமில் அதனைக் கழித்தோம். உப்பை நீரிற் கரைத்து, நீர் முற்றாக ஆறியபின் உறைநீரைச் சேர்க்க. சூடான நீரில் உறையை ஊற்றினால் அது வெந்துபோம். தூள் உறையாயின் பொதியிற் குறித்த அளவை உப்பில்லாத ஆறிய நீரிற் கரைத்து இறுதியிற் சேர்த்தல் வேண்டும்.

மெழுகு பூசிய மட்சாடியோ கண்ணாடிச் சாடியோ உணவுக்கேற்ற பிளாத்திக்குக் கலனோ ஏற்றது. அலுமினியமும் பித்தளையும் ஆகா. கிருமிநாசினி வந்த கலன் எத்தனை முறை கழுவினும் ஆகாது. காய்கள் மிதவாதபடி மேலே ஒரு தட்டை வைத்துப் பாரம் ஏற்றவேண்டும். பாரத்துக்குக் கடற்கரைக் கல்லைத் தேடிச் செல்லற்க. முருகைக்கல்லும் சுண்ணக்கல்லும் புளிப்பிற் கரைந்து, நாம் பாடுபட்டு உண்டாக்கிய அமிலத்தை அழித்துவிடும். உப்புநீர் நிரப்பி அடைத்த போத்தல் ஒன்றே போதும்.

சாடியைக் கிடுகு வேய்ந்த கொட்டிலின் தரையில், சோளகக் காற்றுப் படும் நிழலிலே, ஈரச்சாக்கு சுற்றி வைக்க. தகரக் கூரையின் கீழ் நண்பகலில் உறையும் வாழமாட்டாது. மூடியை இறுக்கிப் பூட்டினால் வாயு வெளியேற வழியின்றிச் சாடி வெடிக்கக்கூடும்.

புளிப்பை அளந்து அறிதல்

மூக்கும் நாக்கும் நல்ல கருவிகளே. ஆயினும் உயிருக்கு ஊறு செய்யும் பொட்டுலிசம் என்னும் நோயைத் தரும் பற்றீரியா, மணத்தினால் அறியப்படாமலும் இருக்கலாம். பீ.எச். பெறுமானம் 4.6இற்குக் கீழே இறங்கிய இடத்தில் அது வளர்வதில்லை. ஆகவே 3 முதல் 6 வரை காட்டும் பீ.எச். தாளை வைத்திருத்தல் நன்று. நல்ல உறையிட்ட சாடி இரண்டு மூன்று நாட்களில் அவ்வெல்லையைத் தாண்டி, பத்து நாளளவில் 3.5ஐ அண்மிக்கும். நான்காம் நாளிலும் 4.6இற்கு மேலேயே நிற்குமாயின் மேலும் உப்பிட்டுக் காப்பாற்ற முயலாது அதனை மண்ணிற் புதைத்துவிடுக. ஐந்து கிலோ காயின் விலை சிறிது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். யூரியாவை மிகுதியாக இட்டு உடனே பறித்த முள்ளங்கியிலும் இலைக்கறியிலும் நைத்திரேற்று மிகுந்திருக்கும். சாடியில் முதல் சில நாட்களில் ஒருவகைப் பற்றீரியாக்கள் அதனைத் தீங்கு விளைக்கும் நைத்திரைற்றாக மாற்றுகின்றன. புளிப்பு ஏறியபின் அது குறைந்துவிடுகின்றது. உறையிட்ட சாடியில் இந்த ஏற்றம் குறைவாக இருப்பதைக் கண்டுள்ளனர். இது உறையினால் விளையும் நன்மைகளுட் பலரும் அறியாத ஒன்று. எனினும் இரண்டு வாரத்துக்கு முன்னர் உண்ணாதிருத்தலும், பறிப்பதற்கு முந்திய நாட்களில் யூரியாவை நிறுத்துதலும் நலம்.

மேலே வெண்ணிறமான மெல்லிய ஆடை படர்ந்தால் அஞ்சற்க; அது மதுவம். ஆனால் விட்டுவைத்தால் புளிப்பை உண்டு குறைத்துவிடும், நாள்தோறும் வழித்தெடுக்க. கறுப்பு, பச்சை, செந்நிறப் பூஞ்சணம் பஞ்சுபோல் எழுந்திருந்தாற் சாடி முழுவதும் கழிவே. முதல்நாட்களில் நீர் சற்றுக் கொழகொழப்பாயிருப்பது பெரும்பாலும் தானாகவே நீங்கும். அழுகல் நாற்றம் நீங்காது. அதனை மாட்டுக்கும் கொடுத்தலாகாது. காயின் நடுவே பொந்து விழுவது உள்ளே வாயு தங்கியதால் ஏற்படுவது. உண்ணத் தடையில்லை, விற்பனைக்கு அழகில்லை. அத்தகைய சாடியின் நீரை உறைக்கு எடுக்கவேண்டாம்.

சேமித்தலும் விற்றலும்

புளித்து முடிந்த காயை நீரின் கீழ் அமிழ்ந்திருக்குமாறு வைத்தால் நம் வெப்பத்திலும் இரண்டு மூன்று மாதம் கெடாது. அடுத்த மாரி வரை வைக்க விரும்புவோர், புளிப்பு முழுமையடைந்த பின்னர்ச் சில நாட்களாகச் சிறிது சிறிதாக உப்பைக் கூட்டி 15 வீதம் வரை கொண்டுபோகலாம். உண்ணுமுன் இரண்டு மூன்று நீரில் ஊறவிட்டு உப்பை இறக்கவேண்டும். உப்பைத் தொடக்கத்திலேயே இவ்வளவு இட்டாற் காய் புளிக்காது, உப்பிற் கிடக்கும், அவ்வளவே.

உலக சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைந்த உப்பையே பரிந்துரைக்கின்றது. 5 வீத உப்புள்ள காயில் 50 கிராம் உண்டவர் அதிற் பாதியை உண்டுவிட்டார். ஆகவே இது சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் அளவில் இருக்கவேண்டியதே. இரத்த அழுத்தமுடையோர் அலசியே உண்க.

விற்பனைக்குச் செய்வோர் 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்துக்கு அமைந்து நடத்தல் வேண்டும். போத்தலில் என்ன எழுதவேண்டும், எவ்விடத்திற் செய்யலாம் என்பவற்றைத் தொடங்குமுன்னரே தம் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டறிக. ஒவ்வொரு சாடிக்கும் போட்ட நாள், காயின் நிறை, உப்பின் நிறை, உறை எடுத்த சாடி, நாலாம் நாட் பீ.எச். ஆகியவற்றை ஒரு கொப்பியில் எழுதிவருவோர்க்கு, மூன்றாம் போகத்தில் எந்தச் சாடியின் வழிவந்த உறை தமக்கு நல்லது என்பது தெரிந்துவிடும். அவ்வுறையிற் சிறிதை அயலவர் ஒருவர் சாடியிலும் வைத்திருத்தல் நன்று. ஒரு வீட்டில் அது கெட்டாலும் மற்ற வீட்டிலிருந்து, உறைமோர் கேட்டு வாங்குவது போல், வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, பயன்முடிந்த உப்புநீரைக் கிணற்றடியிலோ நாற்றுமேடையிலோ ஊற்றலாகாது. பத்து லீற்றரில் அரைக்கிலோ உப்பு உள்ளது. ஏற்கெனவே உவரேறும் நிலத்தில் அது பயிரைக் கருக்கிவிடும். தோட்டத்துக்கும் கிணற்றுக்கும் எட்டத்தில், ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் ஊற்றாது, கடற்கரைப் பக்கமாக உள்ள வெறுமணலில் ஊற்றிவிடுக.